ஆரைக்கீரை பெரணி என்றால், அதன் சொந்தக்காரர்கள் யார்?

மஞ்சக்குப்பம் டீச்சர் | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் ஒரு பாட்டியிடம் ஆரைக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வகுப்புக்கு. மேசைமேல் கட்டைப் பிரித்துப் போட்டு, "இது பெரணி" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஏற்காட்டில் பாறை இடுக்கில் சீப்பு மாதிரி இலையோடு நிற்பதுதான் அவர்களுக்குப் பெரணி. சேற்றில் படர்ந்து, ஒற்றைக் காம்பின் உச்சியில் நாலு இலை வைத்துக்கொண்டு நிற்பதை எப்படி அந்த வரிசையில் சேர்ப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அப்புறம் எனக்கே இரண்டு சந்தேகம் வந்துவிட்டது.

ஒன்று, நான் கல்லூரியில் படித்தபோது மார்சிலியேலிஸ் தனித் துறை, சால்வினியேலிஸ் தனித் துறை (துறை என்றால் குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய பிரிவு, ஆர்டர்). இப்போது வரும் பட்டியல்களில் ஆரையின் மார்சிலியேசியே குடும்பம் சால்வினியேலிஸ் துறைக்குள் இருக்கிறது. ஆரையையும், தண்ணீரில் மிதக்கும் குட்டிப் பெரணியான அசோலாவையும் ஒரே வீட்டில் வைத்தது யார், எதை வைத்து?

இன்னொன்று, இந்தக் குடும்பத்தில் மூன்றே பேரினங்கள். பிலுலேரியாவுக்கு இலைத்தகடே கிடையாது, வெறும் காம்பு. ரெக்னெல்லிடியத்துக்கு இரண்டு சிற்றிலை. மார்சிலியாவுக்கு, அதாவது நம் ஆரைக்கு, நாலு. நான் கரும்பலகையில் இந்த மூன்றையும் வரிசையாக வரைந்து நடுவில் அம்புக்குறி போட்டுவிட்டேன். பூஜ்யம், இரண்டு, நாலு என்று படிப்படியாக வளர்ந்ததாகச் சொன்னேன். அது சரியா?

கீரைக்கட்டு | ஞாயிறு, பகல் 11.05

டீச்சர், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஆரை முளைத்துக் கிடக்கிறது, மஞ்சள் பூ பூக்கிறது. பெரணி பூக்காது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஆரை பெரணி இல்லையே?

பாகூர் வரப்பு | ஞாயிறு, பகல் 12.40

அம்மா, உங்கள் கிணற்றடியில் இருப்பது புளியாரை. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுங்கள், புளிக்கும். அதற்கு இலை மூன்றுதான், ஒவ்வொன்றும் நுனியில் பிளந்து இதயம் மாதிரி இருக்கும். மஞ்சள் பூ பூக்கும், வெண்டைக்காய் மாதிரிக் குட்டியாகக் காய் நிற்கும், தொட்டால் தெறிக்கும். டீச்சர் சொல்வது நீராரை. அதற்கு நாலு இலை, சக்கரத்து ஆரக்கால் மாதிரி. புளிக்காது. நாற்பது வருடமாக வயலில் பார்க்கிறேன், நீராரை பூத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் ஏரி வாய்க்கால் ஓரம் பூராவும் இதுதான். நடவு வயலில் களையாகவும் வரும். தண்ணீர் நிறைய நின்றால் காம்பு முழநீளம் வளர்ந்து இலை மேலே மிதக்கும். தண்ணீர் வடிந்தால் அதே கொடியில் குட்டைக் காம்பாக விறைத்து நிற்கும். சாயந்திரம் ஆனால் நாலு இலையும் கைகூப்பின மாதிரி மூடிக்கொள்ளும். கோடையில் ஏரி வெடித்துக் காயும்போது இலை எல்லாம் போய்விடும். அப்போது மண்ணைக் கிளறிப் பாருங்கள், கறுப்பாக, மிளகைவிடச் சின்னதாக, கல் மாதிரி ஒன்று கிடைக்கும். காம்பு அடியில் ஒட்டியிருக்கும். அதைத்தான் ஆரைக்காய் என்போம். காய் என்றால் பூ இருந்திருக்க வேண்டுமே, பூ எங்கே என்பது எனக்கும் ரொம்ப நாள் கேள்வி.

பழைய ஹெர்பேரியம் | ஞாயிறு, இரவு 8.50

பாகூர்க்காரர் மிக நன்றாகப் பார்த்திருக்கிறார். நான் கல்லூரியில் முப்பது வருடம் பெரணி வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். டீச்சர் அம்மாவின் இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன் பிள்ளைகளை நம்பவைக்க ஒரு வழி சொல்கிறேன்.

கட்டில் உள்ள பெரிய இலையைக் காட்டாதீர்கள். கொடியின் நுனிக்குப் போங்கள். அங்கே விரியாத இலை ஒன்று இருக்கும். குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு ரோமம் போர்த்து, கடிகாரச் சுருள்வில் மாதிரி உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஊசி முனையால் மெல்லப் பிரித்தால் உள்ளே நாலு சிற்றிலையும் விசிறி மடித்த மாதிரி அடுக்கியிருக்கும். பெரணியின் இளம் இலை இப்படித்தான் சுருண்டு பிறக்கும். ஏற்காட்டுப் பெரணியின் குருத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துவிட்டால் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள். புளியாரையில் இந்தச் சுருள் கிடையாது.

பூ எங்கே என்ற கேள்விக்கு வருவோம். ஆரைக்காய் காய் அல்ல. பூவும் இல்லை, விதையும் இல்லை. அது மடிந்து மூடிக்கொண்ட ஓர் இலைப்பகுதி. சிற்றிலை ஒன்று தன்மேல் தானே மடிந்து, ஓரம் ஒட்டி, சுவர் தடித்துக் கல்லானால் எப்படியோ அப்படி. தாவரவியலில் ஸ்போரோகார்ப் என்கிறோம். உள்ளே ஸ்போர்ப் பைகள் வரிசையாக இருக்கும். ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் தூள் போன்ற நுண்மணி. சாதாரணப் பெரணியில் இலையின் அடியில் பழுப்புப் பொட்டாகத் தெரிவதை ஆரை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. ஏரி காய்ந்துபோகும் ஊரில் வாழ அதுதான் வழி.

இன்னொரு முக்கியமான விஷயம். உலகில் பெரும்பாலான பெரணிகளுக்கு ஒரே அளவு ஸ்போர். இந்தக் கூட்டத்துக்கு இரண்டு அளவு. பெரியது பெண் பக்கம் வளரும், சின்னது ஆண் பக்கம் வளரும். ஆஸ்திரேலியாவில் பிளாட்டிசோமா என்று ஒரு பெரணி இரண்டு அளவு ஸ்போர் தருகிறது, ஆனால் அது பாதிவழிதான். இன்று உயிரோடு இருக்கும் பெரணிகளில் இந்த ஏற்பாட்டை முழுமையாக வைத்திருப்பவை ஐந்தே பேரினங்கள்: மார்சிலியா, ரெக்னெல்லிடியம், பிலுலேரியா, சால்வினியா, அசோலா. ஐந்தும் தண்ணீர்ச் செடிகள். அவை ஒரே கூரையின் கீழ் வந்த கதையை நாளைக்கு எழுதுகிறேன். கண் எரிகிறது.

வில்லியனூர் கொட்டகை | ஞாயிறு, இரவு 9.30

ஐயா, அசோலாவா! நான் மாட்டுக்குத் தீவனமாகத் தார்ப்பாய்த் தொட்டியில் நாலு வருடமாக வளர்க்கிறேன். ஆரைக்கும் அதற்கும் முகஜாடையே இல்லையே. அது மீன்செதில் மாதிரி மிதக்கிறது, இது கொடி ஓடுகிறது. எப்படி உறவு?

பழைய ஹெர்பேரியம் | திங்கள், மாலை 5.15

கொட்டகைக்காரர் கேட்டதைத்தான் இருநூறு வருடமாகத் தாவரவியலாளர்களும் கேட்டார்கள்.

1753இல் லின்னேயஸ் மார்சிலியா என்று பேரினத்துக்குப் பெயர் வைத்தார். பொலோன்யா ஊர் மார்சிலி என்ற இயற்கை ஆய்வாளரின் நினைவாக. 1802இல் பிரான்சின் மிர்பெல் இதைத் தனிக் குடும்பமாக்கினார். ரெக்னெல்லிடியம் மட்டும் பிற்காலத்தில் தென் பிரேசிலில் கிடைத்தது, 1904இல் லிண்ட்மன் விவரித்தார். அந்தச் செடியைக் கிள்ளினால் பால் வடியும், பெரணிகளில் அது அபூர்வம்.

ஆரம்பத்தில் எல்லா நீர்ப் பெரணிகளையும் ஒன்றாகத்தான் வைத்தார்கள். தண்ணீரில் இருக்கிறது, இரண்டு வகை ஸ்போர் இருக்கிறது, போதும் என்று. பிறகு உள்ளே வெட்டிப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. அசோலாவின் ஸ்போரோகார்ப் மெல்லிய தோல்பை, ஆரையின் ஸ்போரோகார்ப் கல். ஆரையில் ஒரே பெட்டிக்குள் ஆண், பெண் இரண்டு பையும் இருக்கும். அசோலாவில் ஆணுக்குத் தனிப் பை, பெண்ணுக்குத் தனிப் பை. கேம்ப்பெல், போவர் போன்ற பெரியவர்கள் ஆரையைக் கொண்டுபோய் ஸ்கைசேயேசியே பக்கம் கட்டினார்கள், அதாவது கொடிப்பெரணி லைகோடியம் இருக்கும் கூட்டம். அசோலாவையும் சால்வினியாவையும் வேறு பக்கம். இரண்டு அளவு ஸ்போர் என்பது இரண்டு வீட்டில் தனித்தனியாகப் பிறந்த ஏற்பாடு என்று முடிவானது. டீச்சர் அம்மா படித்த இரண்டு துறை அந்தக் காலத்து முடிவு. நானும் அதையே இருபது வருடம் சொல்லிக்கொடுத்தேன்.

1990களின் நடுவில் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் என்ற மரபணுவைப் பெரணி பெரணியாக எழுத்தெண்ணிப் படித்தார்கள். மார்சிலியாவும் சால்வினியாவும் அசோலாவும் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்தன. அடுத்தடுத்து வேறு மரபணுக்களைச் சேர்த்தும் அந்தக் கிளை உடையவில்லை. 2006 வகைப்பாட்டில் சால்வினியேலிஸ் என்ற ஒரே துறை, அதற்குள் மார்சிலியேசியே, சால்வினியேசியே என்று இரண்டு குடும்பம். 2016இல் உலகெங்கும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பெரணி ஆய்வாளர்கள் கூடிச் செய்த வகைப்பாட்டிலும் அதேதான். அதில் சுமார் 12,000 சிற்றினங்கள், 51 குடும்பங்கள். நம் மார்சிலியேசியே அதில் ஏறக்குறைய 60 சிற்றினம் கொண்ட சின்னக் குடும்பம், அதிலும் பெரும்பகுதி மார்சிலியாதான். ரெக்னெல்லிடியத்தில் ஒன்றே ஒன்று.

சரி, வெளியே யார் நெருங்கின சொந்தம்? ஸ்கைசேயேசியே அல்ல. மரப்பெரணிகளும், நாம் சாதாரணமாகப் பெரணி என்று சொல்லும் பெரும்பான்மைக் கூட்டமும்தான் இந்தத் துறைக்கு மிக அருகில் நிற்கின்றன.

உப்பனாறு | திங்கள், இரவு 10.10

நான் புவியியல் படித்தவன். ஐயா சொல்வதில் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. மரபணு சொன்னவுடன் உருவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இன்று உயிரோடு இருப்பது ஐந்து பேரினம்தான். நடுவில் எத்தனை அழிந்துபோயிருக்கும்? மிஞ்சின ஐந்தை மட்டும் வைத்து உறவு மரம் வரைந்தால் தூரத்துச் சொந்தமும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நெய்வேலி நிலக்கரி, திருவக்கரைக் கல்மரம் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன், பாறை என்ன சொல்கிறது?

தண்ணீரில் வாழ்வதும் சாட்சி ஆகாது. நீர்ப் பெரணி செரட்டோப்டெரிஸ் குளத்தில்தான் இருக்கிறது, அதற்கு இந்தத் துறையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் ஆளுயரம் நிற்கும் அக்ரோஸ்டிக்கம் என்ற பெரணியும் அப்படித்தான்.

பழைய ஹெர்பேரியம் | செவ்வாய், காலை 6.40

தம்பி சரியான இடத்தைத் தொட்டார். தண்ணீர் சாட்சி அல்ல என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். செரட்டோப்டெரிசை முன்பு பார்க்கேரியேசியே என்று தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது அதுவும் அக்ரோஸ்டிக்கமும் டெரிடேசியே குடும்பத்தில், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒன்று நன்னீர்க் குளத்தில், ஒன்று உப்புச் சேற்றில். தண்ணீர்ப் பக்கம் போன பெரணிகள் ஒரே தடவை போகவில்லை.

ஆனால் மரபணு வருவதற்கு முன்பே உருவமும் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நாம் தப்பான உறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து பேரினத்திலும் பெண் ஸ்போர்ப் பைக்குள் பல ஸ்போர் உருவாகத் தொடங்கும், ஆனால் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்துப் பெரிதாகும். மற்றவை அழியும். ஐந்திலும் ஸ்போரிலிருந்து முளைத்து விந்தணுவும் முட்டையும் தரும் குட்டிப் பாலினச் செடி ஸ்போரின் ஓட்டுக்குள்ளேயே வளரும், மண்ணில் படராது. இவை சும்மா தற்செயலாகச் சேரும் குணங்கள் அல்ல.

பாறைக்கு வருகிறேன். 1994இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிரெட்டேசியஸ் காலத்துப் பாறையிலிருந்து ஹைட்ரோப்டெரிஸ் பின்னேட்டா என்ற புதைபடிவத்தை ராத்வெல், ஸ்டாக்கி என்ற இருவர் விவரித்தார்கள். ஊர்ந்து போகும் தண்டு, இரண்டு பக்கமும் சிற்றிலை அடுக்கிய இலை, அடியில் ஸ்போரோகார்ப். ஆரையின் சில குணமும் அசோலா பக்கத்துச் சில குணமும் ஒரே செடியில். டைனோசர் காலத்தில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு செடி இருந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவில் படிந்த சிலிக்காப் பாறையில், கல்லாகிப்போன ஸ்போரோகார்ப் கிடைத்தது. பீர்பல் சாஹ்னி அதற்கு ரோடைட்டீஸ் என்று பெயர் வைத்தார். மார்சிலியேசியே குடும்பத்தது. எரிமலை கக்கி ஓய்ந்த இடைவெளியில் உண்டான குட்டையில் இன்று பாகூர் வாய்க்காலில் இருப்பதைப் போன்ற ஒன்று வாழ்ந்து, காய் வைத்து, கல்லாகியிருக்கிறது. சுமார் ஆறரைக் கோடி வருடம். அதே அடுக்குகளில் அசோலாவும் கிடைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடும்.

உப்பனாறு | செவ்வாய், காலை 8.05

ரோடைட்டீஸ் எனக்குத் தெரியாது ஐயா. நன்றி. ஒரே பெண் ஸ்போர் மட்டும் பிழைக்கும் என்ற குணம் எனக்குப் போதுமான சாட்சியாகத் தெரிகிறது. ஒரு துறை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஸ்போரோகார்ப் என்ற ஒரே பெயரை இரண்டு குடும்பத்துக்கும் போடுவது இன்னும் இடிக்கிறது. ஒன்று மடிந்த இலை என்கிறீர்கள், மற்றது தோல்பை என்கிறீர்கள்.

பழைய ஹெர்பேரியம் | செவ்வாய், மாலை 4.30

இடிக்கத்தான் வேண்டும். அசோலாவில் பை என்பது ஸ்போர்ப் பொட்டைச் சுற்றின தோல் மட்டுமே, அதாவது ஒரே ஒரு பொட்டு. ஆரையில் பல பொட்டுகளை உள்ளே வைத்து மடிந்த இலைப்பகுதி. 2006இல் மூன்று ஆய்வாளர்கள் இதைத் திருப்பி ஆராய்ந்து, இரண்டும் ஒரே உறுப்பு அல்ல என்று தெளிவாக எழுதினார்கள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பழைய ஆட்கள் அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் குடும்பத்தையே பிரித்தார்கள். அவர்கள் பார்த்த வித்தியாசம் உண்மை. பிரிவினைக்கு அது போதாது, அவ்வளவுதான். அண்ணன் மெத்தை வீடு கட்டினான், தம்பி கூரை வீடு கட்டினான் என்பதால் தாய் வேறாகிவிடாது.

வில்லியனூர் கொட்டகை | செவ்வாய், இரவு 9.00

ஐயா, நான் தொட்டியில் லென்ஸ் வைத்துத் தேடிப் பார்த்தேன். அசோலாவின் அடியில் எந்தப் பையும் தெரியவில்லை. வேர்தான் தொங்குகிறது.

பழைய ஹெர்பேரியம் | செவ்வாய், இரவு 9.25

நீங்கள் வாராவாரம் அள்ளிவிடுகிறீர்கள், அது உடைந்து உடைந்தே பெருகிக்கொள்கிறது. பை வைக்க வேண்டிய தேவையும் நேரமும் அதற்குக் கிடைப்பதில்லை. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்பார்களே, சால்வினியா மொலெஸ்டா, உண்மையில் பிரேசில் நாட்டுச் செடி. அது நல்ல ஸ்போரே வைக்காது. உடைந்தே நாடு நாடாகப் போய் ஏரிகளை மூடியது.

ஒரு உபரிச் செய்தி. 2018இல் பெரணிகளில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பைப் படித்தது இந்தத் துறையில்தான், அசோலாவிலும் சால்வினியாவிலும். பெரணிகளுக்குப் பொதுவாக மரபணுத் தொகுப்பு பூதாகாரமாக இருக்கும், படித்து மாளாது. சால்வினியா குக்குலேட்டாவுக்கு வெறும் 26 கோடி டிஎன்ஏ எழுத்து, அசோலாவுக்கு 75 கோடி. மனிதனுக்கு 300 கோடி.

கீரைக்கட்டு | புதன், காலை 7.30

புளியாரையைப் பற்றிச் சொன்ன பாகூர் அண்ணனுக்கு நன்றி, தின்று பார்த்தேன், புளிக்கத்தான் செய்தது. நீராரையை மாமியார் பருப்பு போட்டுக் கடைவார். ஒரு கேள்வி, இதைப் பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கச் சொல்லி ஒரு வீடியோ வருகிறது. குடிக்கலாமா?

பழைய ஹெர்பேரியம் | புதன், காலை 9.10

வேண்டாம் அம்மா, வேகவைத்தே சாப்பிடுங்கள். இந்தப் பேரினத்துச் செடிகளில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். ஆஸ்திரேலியாவில் நார்டூ என்று மார்சிலியா டிரம்மண்டியின் ஸ்போரோகார்ப்பைப் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பதப்படுத்திச் சாப்பிட்டார்கள். 1861இல் பர்க், வில்ஸ் என்ற பயணிகள் பட்டினியில் அதையே தின்று வாழப் பார்த்தார்கள். பழங்குடியினரின் பக்குவம் அவர்களுக்குத் தெரியவில்லை. வயிறு நிறைய நிறைய உடம்பு மெலிந்தது, இருவரும் அங்கேயே இறந்தார்கள். பட்டினியோடு பி1 குறைபாடும் சேர்ந்தது என்று பிற்காலத்தில் விளக்கினார்கள். நம் வீட்டில் வேகவைத்துக் கடைகிறோம், எப்போதோ ஒருநாள் சாப்பிடுகிறோம். அது வேறு.

மஞ்சக்குப்பம் டீச்சர் | புதன், இரவு 8.00

ஐயா, துறைக் கேள்வி தீர்ந்தது. பிள்ளைகளிடம் குருத்தைக் காட்டினேன், சுருளைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒருத்தி அந்த ரோமத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஆனால் என் அம்புக்குறிக்கு இன்னும் பதில் வரவில்லை. பூஜ்யம், இரண்டு, நாலு.

அப்புறம் பெயர். புத்தகங்களில் ஆரைக்கீரை மார்சிலியா குவாட்ரிஃபோலியா என்றே போட்டிருக்கிறது. மினுடா என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

பழைய ஹெர்பேரியம் | வியாழன், காலை 6.15

பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சமவெளி வயல்களில் பரவலாக இருப்பது மார்சிலியா மினுடா. குவாட்ரிஃபோலியா ஐரோப்பா, காஷ்மீர் மாதிரிக் குளிர்ப் பிரதேசத்துச் செடி. நாலு இலை என்று பொருள்படும் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டதால் நாலிலை ஆரை எல்லாவற்றுக்கும் அதையே எழுதிவிட்டார்கள். இலையை வைத்து இந்தப் பேரினத்தில் சிற்றினம் சொல்லவே முடியாது. பாகூர்க்காரர் சொன்னாரே, தண்ணீர் நின்றால் ஒரு உருவம், வடிந்தால் ஒரு உருவம். ஒரே கொடியின் இரண்டு பக்கத்தை இரண்டு சிற்றினமாக எழுதிய காலமும் உண்டு. ஸ்போரோகார்ப் இருந்தால்தான் பேச வேண்டும்: எத்தனை, காம்பின் எந்த இடத்தில், மேலே பல் இருக்கிறதா, காம்புகள் ஒட்டியிருக்கின்றனவா. நான் மாணவர்களை ஏரிக்கு மழைக்காலத்தில் கூட்டிப்போனதே இல்லை, மாசி பங்குனியில்தான் கூட்டிப்போவேன். உலர்தாவரத் தொகுப்பில் இலை மட்டும் ஒட்டின தாள் எத்தனை இருந்தாலும் பயனில்லை.

இப்போது அம்புக்குறி. அதை அழித்துவிடுங்கள் அம்மா. நானும் ஒரு காலத்தில் போட்டேன், எந்தப் பாடத்தில் எப்போது அழித்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மூன்று பேரினத்தின் மரபணுவை ஒப்பிட்டபோது மார்சிலியா ஒரு பக்கம், ரெக்னெல்லிடியமும் பிலுலேரியாவும் சேர்ந்து இன்னொரு பக்கம் என்று வந்தது. அதாவது இரண்டிலைச் செடியும் இலையில்லாச் செடியும் உடன்பிறப்பு. நாலிலைச் செடி அவர்களுக்குப் பெரியம்மா மகள். நீங்கள் போட்ட ஏணியில் பிலுலேரியா அடிப்படி, மார்சிலியா மேல்படி. மரத்தில் அப்படிப் படியே இல்லை. பிலுலேரியா பழமையான எளிமை அல்ல, பிற்பாடு குறைந்த எளிமை.

எப்படிக் குறைந்தது என்பதற்கு 2009இல் ஓர் அருமையான ஆய்வு வந்தது. மூன்று பேரினத்திலும் ஒரு குட்டிச்செடி முளைத்ததிலிருந்து வரும் இலைகளை வரிசையாக எடுத்து, வெளியாளாக ஆஸ்பிளினியம் பெரணியையும் வைத்து, வடிவத்தைக் கணக்கால் அளந்தார்கள். ஆஸ்பிளினியத்தில் முதல் இலை எளிது, அடுத்தடுத்த இலை சிக்கலாகிக்கொண்டே போகும். மார்சிலியேசியேயில் அந்தப் பயணம் சீக்கிரமே நின்றுவிடுகிறது. மார்சிலியா நாலில் நிற்கிறது. ரெக்னெல்லிடியம் அதற்கும் முன்னால் இரண்டில். பிலுலேரியா முதல் படியிலேயே. முன்னோரின் இலை இன்னும் சிக்கலாக இருந்திருக்கிறது, பிள்ளைப்பருவ இலையோடு வளர்ந்தாளாகிவிடும் பழக்கம் இந்தக் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. தண்ணீர் வந்து வற்றுவதற்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டிய செடிக்கு அது தோதாக இருந்திருக்கும்.

இதை என் வார்த்தையில் நம்ப வேண்டாம். ஆரைக்காய் ஒன்றை முளைக்கவைத்துப் பாருங்கள். பாகூர்க்காரரிடம் கேட்டால் கொடுப்பார்.

பாகூர் வரப்பு | வியாழன், பகல் 1.20

தாராளமாக. போன கோடையில் வரப்பு வெட்டும்போது எடுத்தது ஒரு டப்பாவில் இருக்கிறது. சனிக்கிழமை கடலூர் வருகிறேன், கொண்டுவருகிறேன் டீச்சர்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | சனி, இரவு 9.45

அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். பதினாறு காய். ஐயா போனில் சொன்னபடி செய்தேன். காய் அப்படியே தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகவில்லை, அரை நாள் கல்லாகவே கிடந்தது. அப்புறம் நகவெட்டியால் ஒரு ஓரத்தைத் துளி நறுக்கி, கண்ணாடி டம்ளரில் போட்டேன். டியூஷன் பிள்ளைகள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

இருபது நிமிடம் இருக்கும். காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஒரு புழு தலையை நீட்டியது. புழு இல்லை, பசை வளையம். நீண்டுகொண்டே வந்தது, மிளகளவு காயிலிருந்து என் சுண்டுவிரல் நீளத்துக்கு. அதன் இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டலங்கள் சோடி சோடியாகத் தொங்கின. லென்ஸில் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் பெரிய வெள்ளை மணிகள் தெரிந்தன, சுற்றிலும் மாவு மாதிரிச் சின்னது. பெரிய ஸ்போர், சின்ன ஸ்போர், இரண்டும் ஒரே பொட்டலத்தில். ஒரு பையன் "மிஸ், இது போன வருசத்து மண்ணுல கெடந்ததா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பழைய ஹெர்பேரியம் | சனி, இரவு 10.20

போன வருடம் என்ன அம்மா, உலர்தாவரத் தாளில் ஒட்டி ஏறக்குறைய நூறாண்டு இருந்த காயும் இப்படித் திறந்திருக்கிறது. தண்ணீரை மாற்ற வேண்டாம். அரை நாளுக்குள் சின்ன ஸ்போரிலிருந்து விந்தணு கிளம்பிவிடும், சுருள் சுருளாக, வால் நிறைய. பெரிய ஸ்போரின் தலையில் உள்ள பசைக்குழிக்குள் அவை கூடும். உங்கள் லென்ஸுக்குத் தெரியாது, ஆனால் இன்றிரவு உங்கள் டம்ளரில் அது நடக்கும். நாலைந்து நாளில் பச்சைப் புள்ளி தெரிந்தால் சேறு வைத்த தட்டுக்கு மாற்றுங்கள்.

உப்பனாறு | ஞாயிறு, காலை 7.00

படம் போட முடியுமா டீச்சர்? அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் டீச்சர் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 6.50

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், பரீட்சை நேரம். தட்டில் பிழைத்தது பதினொரு செடி.

முதலில் வந்த இலை ஊசி. வெறும் பச்சை ஊசி, தகடே இல்லை. பத்தாம் நாள் ஒவ்வொரு செடியிலும் இரண்டு மூன்று ஊசி நின்றது. பிலுலேரியாவின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகு நுனி கொஞ்சம் அகன்று கரண்டி மாதிரி ஆனது. நாலாவது வாரம் ஒரு செடியில் கரண்டி இரண்டாகப் பிளந்தது. இரண்டு சிற்றிலை, எதிரெதிராக. ரெக்னெல்லிடியம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். கரும்பலகையில் இருந்த அம்புக்குறியை அவர்களே அழித்தார்கள். மூன்று பேரினத்தையும் மரமாக வரைந்து, பக்கத்தில் எங்கள் தட்டுச் செடியின் இலைகளை நாள் போட்டு வரைந்திருக்கிறார்கள்.

இன்று காலை தண்ணீர் ஊற்றப் போனேன். ஓரத்துச் செடியில் புதுக் குருத்து ஒன்று சுருள் பிரிந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். நாலு.